உங்கள் லாக்கில் இருக்கும் ஐபி முகவரி உண்மையில் யாருடையது?

2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2.17 மணி. பங்குச் சந்தை முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருந்த நேரத்தில், செரோதா, க்ரோ போன்ற வர்த்தகச் செயலிகள் பலருக்குத் திறக்கவில்லை. ஆர்டர் போட்டவர்களுக்கு அது போனதா இல்லையா என்றே தெரியவில்லை. கோளாறு இந்த நிறுவனங்களின் சர்வரில் இல்லை. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃப்ளேரில் இருந்தது. சுமார் 25 நிமிடங்களில் சரியானது. அதற்கு இரண்டரை வாரம் முன்பு, நவம்பர் 18 மாலை, இதே கிளவுட்ஃப்ளேர் தடுமாறியபோது எக்ஸ் தளமும் சாட்ஜிபிடியும் முடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும்.

நீங்கள் ஒரு இணையதளத்தின் முகவரியைத் தட்டும்போது, பதில் சொல்வது பெரும்பாலும் அந்த நிறுவனம் இல்லை, நடுவில் இருக்கும் ஒரு ப்ராக்ஸி. இந்த உண்மை அந்த இரண்டு நாளும் எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் அதே விஷயத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து யாரும் அதிகம் கேட்கவில்லை. உங்களுக்கு நடுவில் இருப்பவர்தான் தெரிகிறார் என்றால், அந்த நிறுவனத்தின் சர்வருக்கு யார் தெரிகிறார்?

அவர்களுக்கும் நடுவில் இருப்பவர்தான் தெரிகிறார். சர்வரைத் தனியாகச் சொல்லிக்கொடுத்து வைக்காவிட்டால், நீங்கள் தெரிவதில்லை.

இது சிஸ்டம் அட்மின்களின் தலைவலி, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் இந்தியாவில் கடந்த நான்கு ஆண்டுகளில் வந்த பல சட்ட விதிகள், சர்வர் லாக்கில் எழுதப்பட்ட ஐபி முகவரி உண்மையானது என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. அந்த முகவரியை வைத்துத்தான் காவல்துறை கதவைத் தட்டுகிறது.

வாசலில் இருக்கும் செக்யூரிட்டி

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பார்சல் கொண்டுவருபவர் யாராக இருந்தாலும் கேட்டிலேயே நிறுத்தப்படுவார். செக்யூரிட்டி அண்ணன் பார்சலை வாங்கி ஐந்தாவது மாடிக்கு வந்து உங்கள் காலிங் பெல்லை அடிப்பார். உங்கள் கதவில் ஒரு கேமரா இருக்கிறது. மாதக் கடைசியில் அதன் பதிவை எடுத்துப் பார்த்தால் என்ன இருக்கும்? அறுபது முறையும் அதே செக்யூரிட்டி அண்ணன் முகம்.

ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் வெப் சர்வரின் லாக் இப்படித்தான் இருக்கும். காலை 9.02-க்கு 10.0.0.5. அடுத்த நொடியும் 10.0.0.5. நள்ளிரவு 1 மணிக்கு யாரோ 400 முறை பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார், அவரும் 10.0.0.5. அது உங்கள் சொந்த லோட் பேலன்சரின் உள் முகவரி.

சர்வர் பொய் எழுதவில்லை. தன்னோடு நேரடியாக இணைப்பு ஏற்படுத்தியது யார் என்றுதான் அது எழுதும், அந்த இணைப்பைத் தொடங்கியது ப்ராக்ஸிதான். இந்த லாக்கை வைத்து தானாகவே தடை போடும் மென்பொருள் ஓடுகிறது என்றால் விளைவு சிரிப்பாக இருக்கும். 400 முறை தவறான பாஸ்வேர்ட் போட்ட 'ஆளை' அது தடுக்கும், அதாவது செக்யூரிட்டி அண்ணனையே கட்டடத்துக்கு வெளியே தள்ளும். அடுத்த நிமிடம் யாருக்குமே தளம் திறக்காது.

கையில் ஒரு துண்டுச் சீட்டு

இதற்குத் தீர்வு பல ஆண்டுகளாகவே இருக்கிறது. பார்சலோடு செக்யூரிட்டி ஒரு துண்டுச் சீட்டையும் கொண்டுவருகிறார்: 'இதைக் கொடுத்தவர் இன்னார்' என்று. இணையத்தில் அந்தச் சீட்டின் பெயர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடர். வழியில் இருக்கும் ஒவ்வொரு ப்ராக்ஸியும், தன்னிடம் வந்தவரின் முகவரியை வரிசையின் கடைசியில் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்பும். இதற்கு 2014-இல் 'ஃபார்வர்டட்' என்ற பெயரில் முறையான தரநிலையும் வந்தது. ஆனாலும் நடைமுறையில் பழைய சீட்டுதான் ஓடுகிறது. கிளவுட்ஃப்ளேர் இதோடு சிஎஃப்-கனெக்டிங்-ஐபி என்று தனக்கான ஒரு சீட்டும் தருகிறது.

அப்புறம் என்ன, அந்தச் சீட்டைப் படித்து லாக்கில் எழுதினால் போதுமே? பல டெவலப்பர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கோடில் ஒரு வரி: ஹெடரை எடு, கமாவில் வெட்டு, முதலில் இருப்பதை எடுத்துக்கொள். முதலில் இருப்பவர்தானே அசல் ஆள்!

இங்கேதான் சிக்கல். பார்சல் கொண்டுவருபவரே கையில் ஒரு சீட்டோடு வந்தால்? செக்யூரிட்டி அதைக் கிழித்துப் போடுவதில்லை. அதன் கீழேதான் தன் வரியைச் சேர்க்கிறார்.

ஒரு உதாரணம் பார்ப்போம். உண்மையான பார்வையாளரின் முகவரி 203.0.113.7. அவர் வேண்டுமென்றே 8.8.8.8 என்று எழுதிய ஒரு ஹெடரோடு வருகிறார். முதல் ப்ராக்ஸி அவருடைய உண்மையான முகவரியை அதன் பின்னால் சேர்க்கிறது. அடுத்து இருக்கும் லோட் பேலன்சர், அந்த முதல் ப்ராக்ஸியின் முகவரியான 198.51.100.20-ஐச் சேர்க்கிறது. சர்வருக்கு வந்து சேர்வது: 8.8.8.8, 203.0.113.7, 198.51.100.20. முதலில் இருப்பதை எடுக்கும் கோடு, கூகுளின் டிஎன்எஸ் சர்வர்தான் உங்கள் தளத்தில் பாஸ்வேர்ட் திருட வந்தது என்று எழுதிவைக்கும். 8.8.8.8-க்குப் பதில் அவர் யாருடைய வீட்டு முகவரியையும் போட்டிருக்கலாம். இதற்கு ஹேக்கராக இருக்க வேண்டியதில்லை, கட்டளை வரியில் ஒரே ஒரு வரி போதும்.

சரியான முறை இதற்கு நேர் எதிர். வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முதலில், சீட்டைக் கொண்டுவந்தவர் நம் செக்யூரிட்டிதானா என்று பார்க்க வேண்டும். ஆமாம் என்றால் கடைசி வரியைப் படியுங்கள். அதுவும் நம்முடைய ப்ராக்ஸி என்றால் அதைத் தள்ளிவிட்டு இடப்பக்கம் ஒரு படி நகருங்கள். நமக்குத் தெரியாத முதல் முகவரி எங்கே வருகிறதோ அங்கே நில்லுங்கள். அதுதான் பார்வையாளர். அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் அவர் சொன்ன கதை.

என்ஜின்எக்ஸில் இருக்கும் 'ரியல் ஐபி' மாட்யூல் இதைத்தான் செய்கிறது. நம்பத்தக்க ப்ராக்ஸிகளின் பட்டியல், எந்த ஹெடரைப் படிப்பது, படிப்படியாகப் பின்னோக்கிப் போகலாமா என்று மூன்றே விவரங்களைக் கொடுக்க வேண்டும். அப்பாச்சியில் இதே வேலையை 'ரிமோட் ஐபி' மாட்யூல் செய்யும். அங்கே லாக்கின் வடிவத்தையும் சேர்த்து மாற்றியாக வேண்டும், மறந்தால் மாட்யூல் சரியாக ஓடினாலும் லாக்கில் பழைய முகவரியே விழும். கிளவுட்ஃப்ளேர் தன் ஐபி வரம்புகளை வெளிப்படையாகவே வெளியிட்டிருக்கிறது, அதை அப்படியே பட்டியலில் போடலாம். பட்டியலில் 'எல்லாரையும் நம்பு' என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் ஆபத்து. டெஸ்டிங்கில் அது பிரமாதமாக வேலை செய்யும், ஏனென்றால் டெஸ்டிங்கில் யாரும் பொய் சொல்வதில்லை.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. உங்கள் அசல் சர்வரின் முகவரி தெரிந்தால், கேட்டுக்கே வராமல் பின்பக்கச் சுவர் ஏறி நேராக ஐந்தாவது மாடிக்கு வந்துவிடலாம். வந்தவர் கையில் சிஎஃப்-கனெக்டிங்-ஐபி சீட்டு இருந்தால், வந்தது யார் என்று பார்க்காத சர்வர் அதையும் நம்பிவிடும். அதனால் ப்ராக்ஸியின் முகவரிகள் தவிர வேறு யாரும் அசல் சர்வரைத் தொட முடியாதபடி ஃபயர்வாலில் அடைக்க வேண்டும். நவம்பர் 18 முடக்கத்தின்போது சில நிறுவனங்கள் கிளவுட்ஃப்ளேரை ஒதுக்கிவிட்டுத் தங்கள் தளத்தை நேரடியாகத் திறந்தன. அவசரத்துக்குத் திறந்த அந்தக் கதவை மறுபடி அடைத்தோமா என்பது, ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சட்டம் எங்கே வருகிறது?

2022 ஏப்ரல் 28 அன்று, மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் வந்த உத்தரவு. சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், எல்லாக் கணினி அமைப்புகளின் லாக்கையும் 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை அரசின் நேர சர்வர்களோடு ஒத்துவைக்க வேண்டும் என்றது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் சேமிக்க வேண்டும் என்ற பகுதிதான் அப்போது பெரிய செய்தியானது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் எல்லாம் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு கிளம்பின.

விபிஎன் சண்டையில், லாக் பகுதியை யாரும் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று உத்தரவில் இருக்கிறது, எந்த நாட்டு அதிகார எல்லைக்குள் வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் சர்வர் யாருடைய முகவரியை எழுத வேண்டும் என்பது அந்த உத்தரவில் இல்லை. 180 நாளும் 10.0.0.5 என்று எழுதிவைத்திருக்கும் நிறுவனம், உத்தரவின் எழுத்துப்படி எந்தக் குறையும் வைக்கவில்லை.

2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் இந்தக் காலத்தை இன்னும் நீட்டுகின்றன. லாக்குகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்கின்றன அவை. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. இன்னொரு பக்கம், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு. ஒரு லாக்கை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் கொடுக்க அதன் ஹாஷ் மதிப்போடு சான்றிதழும் தர வேண்டும். அந்த ஹாஷ், இந்தக் கோப்பு பிறகு மாற்றப்படவில்லை என்பதை மட்டுமே காட்டும். முதலிலேயே 8.8.8.8 என்று தவறாக எழுதப்பட்ட வரியையும் அது அதே பத்திரத்தோடு பாதுகாக்கும்.

பங்குச் சந்தைப் பக்கம் வந்தால் இது இன்னும் கூர்மையாகிறது. 2025 பிப்ரவரி 4 அன்று செபி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஏபிஐ வழியாக ஆல்கோ வர்த்தகம் செய்பவர்கள் புரோக்கரிடம் முன்பே பதிவுசெய்த, மாறாத ஐபி முகவரியிலிருந்துதான் வர வேண்டும். வீட்டில் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி வர்த்தகம் செய்யும் நண்பர்கள் பலர் இதற்காகவே ஸ்டாட்டிக் ஐபி வாங்கவோ கிளவுடில் சின்னதாக ஒரு சர்வர் வாடகைக்கு எடுக்கவோ வேண்டியிருக்கிறது. நோக்கம் சரியானது: ஏபிஐ கீ திருடுபோனாலும் வேறு இடத்திலிருந்து ஆர்டர் போட முடியாது. ஆனால் ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சர்வர் அந்த முகவரியைச் சீட்டின் முதல் வரியிலிருந்து படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீயைத் திருடியவருக்கு உங்கள் ஸ்டாட்டிக் ஐபி என்னவென்று தெரிந்தால் போதும், பூட்டு திறந்துவிடும். நீங்கள் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கிய பூட்டு அது.

சரியான ஐபி கிடைத்தாலும் போதாது

இந்தியாவில் இந்தக் கதைக்கு இன்னொரு மாடியும் இருக்கிறது, இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

பழைய ஐபிவி4 முறையில் உலகம் முழுவதற்கும் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள்தான். இந்தியாவில் மட்டும் 90 கோடிக்கும் மேல் பிராட்பேண்ட் இணைப்புகள். ஆளுக்கொன்று கொடுக்க முகவரி இல்லை. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. சிஜிநாட் என்பது இதன் பெயர். யார் யார் என்று பிரிப்பது போர்ட் எண்ணை வைத்து. முகவரி ஒரு தெருவின் பெயர் என்றால் போர்ட்தான் கதவு எண்.

இணையத்தைப் பார்த்திருக்கும் சர்வர்கள் லாக்கில் என்ன எழுத வேண்டும் என்று 2011 ஜூனிலேயே ஆர்எஃப்சி 6302 என்ற பரிந்துரை வந்துவிட்டது. ஐபி முகவரியோடு மூல போர்ட் எண்ணையும், நொடி வரை துல்லியமான நேரத்தையும் எழுதுங்கள் என்றது அது. செர்ட்-இன் உத்தரவு கடிகாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டது, அதைப் பாராட்டலாம். போர்ட்டைப் பற்றி அது பேசவில்லை.

ப்ராக்ஸி நடுவில் வந்ததும் போர்ட் முற்றிலும் தொலைகிறது. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் சீட்டில் வழக்கமாக முகவரி மட்டும்தான் இருக்கும். சர்வருக்குத் தெரியும் போர்ட், ப்ராக்ஸி தனக்காகத் திறந்த போர்ட், பார்வையாளருடையது இல்லை. அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரில் பார்வையாளரின் போர்ட்டையும் சேர்த்து அனுப்ப ஒரு அமைப்பு இருக்கிறது. அது இயல்பாக அணைந்திருக்கும், நாம்தான் போட வேண்டும்.

இப்போது விசாரணை அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நிறுவனம் லாக்கைத் தருகிறது, எல்லாம் முறைப்படி இருக்கிறது, ஐபியும் உண்மையானது. அதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள். அவர்கள் இணையப் பயன்பாட்டுப் பதிவுகளை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம விதி, அதனால் பதிவு இருக்கும். ஆனால் போர்ட் இல்லாமல் ஐபியையும் நேரத்தையும் மட்டும் கொடுத்தால், அந்த நிமிடத்தில் அந்த முகவரியைப் பகிர்ந்துகொண்டிருந்த எல்லோருடைய பெயரும் வரும். சரி, இதில் யார் அந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று சலிக்கலாமா? அங்கேயும் ப்ராக்ஸி குறுக்கே நிற்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவில் அவர்கள் போன இடம் கிளவுட்ஃப்ளேர் போன்ற ஒன்றின் பொது முகவரியாக இருக்கும். அதே முகவரியில் எத்தனையோ தளங்கள் குடியிருக்கின்றன. சமையல் குறிப்பு பார்த்தவரும் அந்தப் பட்டியலில் இருப்பார்.

மிச்சம் இருப்பது பெயர்களின் பட்டியல். அதில் யாரை முதலில் கூப்பிடுவது என்பது தொழில்நுட்பம் முடிவு செய்கிற விஷயமே இல்லை.

ஐபி தவறினால் என்ன ஆகும் என்பதை இந்தியா ஒருமுறை பார்த்திருக்கிறது. 2007-இல் ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியை அவமதித்த ஒரு பதிவுக்காக, பெங்களூருவில் ஒரு மென்பொருள் பொறியாளரைப் புனே போலீஸ் கைது செய்தது. அந்த ஐபிக்கு உரியவர் என்று இணைய சேவை நிறுவனம் கொடுத்த விவரம் தவறு என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவர் 50 நாட்கள் சிறையில் கழித்திருந்தார். அந்தத் தவறு ப்ராக்ஸியால் வந்ததில்லை. ஆனால் லாக்கில் இருக்கும் ஒரு எண்ணை ஒரு மனிதனின் பெயராக மாற்றும் அந்தப் பாதை இன்றும் அதேதான், நடுவில் நிற்பவர்கள்தான் கூடியிருக்கிறார்கள்.

ஐபிவி6 வந்தால் இந்தப் பிரச்சினை தீருமா? ஒரு பகுதி தீரும். அதில் முகவரிப் பஞ்சம் இல்லை, பங்கிட வேண்டியதில்லை. ஜியோ 2016-இல் தொடங்கியபோதே ஐபிவி6-ஓடு வந்ததால், இந்த விஷயத்தில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. ஆனால் சர்வரும் ஐபிவி6-இல் பேச வேண்டும், ப்ராக்ஸி அந்த நீளமான முகவரியை அப்படியே கடத்த வேண்டும், லாக்கில் அதை எழுதும் கட்டம் 15 எழுத்தோடு வெட்டாமல் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். பழைய டேட்டாபேஸ்களில் ஐபிக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்.

நானும் தரவுகளோடு வேலை செய்பவன் என்பதால் ஒரு சின்ன எச்சரிக்கை. ஐபியை வைத்து ஊர் வாரியாக வாசகர்களைக் காட்டும் வரைபடங்களைப் பார்த்து ரொம்ப நம்பிவிடாதீர்கள். திருநெல்வேலியில் மொபைலில் படிப்பவர், அவருடைய நிறுவனத்தின் கேட்வே எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க்காரராகத்தான் அதில் விழுவார். ப்ராக்ஸியைச் சரிசெய்யாத தளம் என்றால் எல்லோருமே டேட்டா சென்டர் இருக்கும் ஊர்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் பதிவு செய்வதா?

இதில் எனக்குத் தயக்கம் உண்டு. உண்மையான ஐபியும் போர்ட்டும் நேரமும் சேர்ந்தால் அது ஒரு மனிதனை நோக்கி நேராக நீளும் விரல். யார் எந்த இரவில் எந்த மனநல ஆலோசனைப் பக்கத்தைப் படித்தார் என்பதும் அதே லாக்கில்தான் இருக்கும். துல்லியமான லாக் கசிந்தால், தவறான லாக் கசிவதைவிட ஆபத்து அதிகம். அதனால் லாக்கைச் சரிசெய்யும் அதே நாளில், அதை யார் திறக்கலாம் என்பதையும் சுருக்குங்கள். லாகின், பணப் பரிவர்த்தனை போன்றவற்றுக்கு முழு விவரம் தேவை. வாசகர் எண்ணிக்கையைக் கணக்கிடும் அறிக்கைக்கு முகவரியின் கடைசிப் பகுதியை அழித்துவிட்டுக் கொடுத்தாலே போதும்.

ஆனால் தவறான முகவரியை வைத்திருப்பது யாருடைய தனியுரிமையையும் காப்பாற்றுவதில்லை. அது குற்றம் செய்தவரை மறைக்கும், சம்பந்தமே இல்லாதவரைக் காட்டிக்கொடுக்கும். செர்ட்-இன் தன் உத்தரவை அடுத்த முறை திருத்தும்போது நாட்களைக் கூட்டுவதற்கு முன், எந்த ப்ராக்ஸியை நம்புகிறீர்கள், போர்ட்டை எழுதுகிறீர்களா என்ற இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். செலவு என்று பார்த்தால் கான்ஃபிக் கோப்பில் சில வரிகள்தான்.

நீங்கள் ஐடியில் இருந்தால் இதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் உங்கள் நிறுவனத்தின் தளத்தைத் திறங்கள். அந்த நேரத்தில் உங்கள் மொபைலின் பொது ஐபி என்ன என்று குறித்துக்கொண்டு, லாக்கில் விழுந்ததோடு ஒப்பிடுங்கள். 10 என்று தொடங்கும் முகவரி இருந்தால், அல்லது உங்கள் ப்ராக்ஸி நிறுவனத்தின் முகவரி இருந்தால், சர்வருக்கு இன்னும் யாரையுமே தெரியவில்லை. மொபைலின் ஐபியே இருந்தால் நல்லது, ஆனால் பாதிதான் முடிந்தது. இப்போது அதே மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டாகப் போட்டு, லேப்டாப்பில் கர்ல் மூலம் 8.8.8.8 என்று எழுதிய ஒரு எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரோடு மறுபடி அதே பக்கத்தைக் கேளுங்கள். பார்வையாளரின் முகவரியாக லாக்கில் 8.8.8.8 விழுந்தால், அன்றைக்கே டீமில் ஒரு டிக்கெட் போட்டுவிடுங்கள்.